கரடி முசியேயின் மூன்று தட்டு

புதுச்சேரி நகரத்தில் இதுவரை ஒருவர் மேலும் கரடியின் நகம் பட்டதில்லை என்றால் அதற்கு முழு முதற் காரணம் கரடி முசியேதான். இந்த ஊரில் கரடியே கிடையாதே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவரிடம் கேட்டேன். என் டைரியின்படி அது ஒரு புதன்கிழமை, மாலை ஐந்தே கால்.

"பாத்தீங்களா டைரி சார்? எவ்ளோ பாதுகாப்பா இருக்குறோம்!" என்றார்.

உப்பளத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் அவருடைய ஸ்டூடியோ இருந்தது. பாஸ்போர்ட் படம்தான் பிழைப்பு. எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. அந்த நாட்டு பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுப்பது சாதாரண வேலை இல்லை. சிரிக்கக் கூடாது. பல் தெரியக் கூடாது. தலை சாயக் கூடாது. மூக்குக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டு மின்னினால் படம் திரும்பி வந்துவிடும். முசியே எடுத்த படம் மட்டும் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. அந்த மரியாதையில்தான் 'முசியே', பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். 'கரடி' எப்படி ஒட்டிக்கொண்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் குரலைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சத்தம் போடாமல், கோவில் மணியின் கடைசி அதிர்வு மாதிரி ஒரு குரலில் சொல்வார்: "நேரா. தோள எறக்குங்க. மோவாய கீழ. வாய மூடுங்க. சிரிக்காதீங்க. அசையாதீங்க." அவ்வளவுதான். உட்கார்ந்திருப்பவர் கல்லாகிவிடுவார். ஊரில் பாதிப் பேர் ஏதாவது ஓர் அட்டைக்காக அந்த முக்காலியில் உட்கார்ந்தவர்கள். அந்தக் குரல் எங்கே கேட்டாலும் அவர்கள் உடம்பு தானாகக் கீழ்ப்படியும்.

இது மிகை என்று நினைப்பவர்களுக்காக ஒரு சம்பவம். ஸ்டூடியோ வாசலில் இரண்டு ஆட்டோக்காரர்கள் சவாரித் தகராறில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கை ஓங்கிவிட்டார். விலக்கப் போனவர்களுக்கும் இரண்டு குத்து விழுந்தது. முசியே திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். "நேரா. மோவாய கீழ. அசையாதீங்க" என்றார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தார்கள். இருவருமே லைசென்ஸ் படம் அவரிடம் எடுத்தவர்கள். "ஆச்சு, போலாம்" என்று அவர் சொன்ன பிறகுதான் கை கீழே இறங்கியது. அதற்குள் சண்டை எதற்கு என்பது இருவருக்கும் மறந்துவிட்டது.

இப்போது கரடிக்கு வருகிறேன். ஸ்டூடியோவின் நடுச்சுவரில், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில், ஒரு பெரிய தேக்குச் சட்டம் மாட்டியிருந்தது. உள்ளே படம் கிடையாது. வெறும் வெள்ளை அட்டை. கேட்பவர்களிடம் "கரடிக்கு" என்பார். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் படம் எடுக்கக் கோத்தகிரி போனபோது, பஸ் ஜன்னல் வழியாக ஒரு கரடி தேயிலைத் தோட்டத்தைக் கடப்பதைப் பார்த்திருக்கிறார். கேமரா தலைக்கு மேலே பையில் இருந்தது. இறக்கி, மூடியைக் கழற்றுவதற்குள் மூன்று வளைவுகள் தாண்டிவிட்டன. ஊர் திரும்பிய மறுநாளே சட்டத்தை மாட்டிவிட்டார். பதினோரு வருடம் அது காலியாகவே இருந்தது.

அந்தப் பதினோரு வருடமும் கரடியைப் பற்றிப் படித்தார். காட்டுக்குள் போய் வந்தவர் யார் கிடைத்தாலும் முக்காலியில் உட்காரவைத்து விசாரித்தார். கரடியைப் படம் பிடிக்கத்தான் படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்க, கரடியிடம் கடி வாங்காமல் இருப்பதில் நிபுணராகிவிட்டார். படம் எடுப்பது கொஞ்சம் பின்னுக்குப் போய்விட்டது.

"நம்ம ஊரு கரடிக்குக் கெட்ட எண்ணமே கெடையாதுங்க. அது பாட்டுக்குக் கறையான் புத்துல மூக்க உட்டு உறிஞ்சிக்கிட்டு இருக்கும். அந்தச் சத்தத்துல நீங்க வர்றது அதுக்குக் கேக்காது. கண்ணும் சரியாத் தெரியாது. திடீர்னு பக்கத்துல போயி நின்னா இன்னா பண்ணும்? பயந்துரும். பயந்தா அடிக்கும். அத பயமுறுத்தாத வரைக்கும் உங்களுக்கும் பயம் இல்ல."

இதிலிருந்து அவர் கண்டடைந்த முதல் விதி: திருப்பத்துக்கு முன்னால் சத்தம் கொடு. பழக்கம் வர வேண்டும் என்பதற்காக அதை ஊரிலேயே கடைப்பிடித்தார். ஒவ்வொரு தெருமுனையிலும் கேமரா ஸ்டாண்டின் காலால் தரையில் மூன்று தட்டுத் தட்டி, "அத்தான்சியோன்!" என்று கூவுவார். ஜாக்கிரதை என்பதற்குப் பிரெஞ்சுச் சொல். புதுச்சேரியின் பழைய தெருக்கள் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி. நூறு அடிக்கு ஒரு முனை. வீட்டிலிருந்து ஸ்டூடியோவுக்குப் பத்து நிமிடத்தில் போக வேண்டியவர் முக்கால் மணி நேரம் தட்டிக்கொண்டே போவார். வீட்டுக்குள்ளும் அப்படித்தான். சமையலறைக்குள் நுழையும் முன் மூன்று தட்டு. அவர் மனைவியை ஊரே மதாம் என்றுதான் கூப்பிடும். "உள்ள ஒண்ணும் கரடி இல்ல, நான்தான் இருக்கேன், வந்து தொலைங்க" என்று மதாமின் குரல் வரும்.

இரண்டாவது விதி: கரடிக்கு முதுகைக் காட்டாதே. முகத்தைப் பார்த்தபடி மெல்லப் பின்னால் நகர். இதற்குப் பயிற்சி எடுக்கக் கல்யாண வீடுகளைத் தேர்ந்தெடுத்தார். மேடையில் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, மணமக்களை விட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னோக்கியே நடந்து மண்டபத்தை விட்டு வெளியேறுவார். சாரம் பகுதியில் ஒரு கல்யாணத்தில் அப்படிப் போய்ப் பந்தி வரிசைக்குள் நுழைந்து, பாயச வாளிக்குள் ஒரு காலை வைத்துவிட்டார். அப்போதும் மணமக்களை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. மணப்பெண் சிரித்த சிரிப்பில் அன்றைய படங்கள் பிரமாதமாக வந்தன.

நாங்கள் மூன்று பேர் அவருடைய சீடர்களாகச் சேர்ந்து, கரடிப் படச் சங்கம் என்று ஒன்று உருவானது. நான் செயலாளர், நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுகிறவன். இரண்டாமவர் பாபின் அண்ணன், மூடிப்போன பஞ்சாலையில் பாபினில் நூல் சுற்றும் வேலை பார்த்தவர். தறி ஓடும் சத்தத்தின் மேலேயே வாழ்நாள் முழுக்கப் பேசிப் பழகியவர். அவர் காதில் ரகசியம் சொன்னால் வீராம்பட்டினம் வரை கேட்கும், ஏனென்றால் அவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வார். மூன்றாமவர் ரொட்டி. பேக்கரியில் நீள ரொட்டி சுடுகிறவர். எந்நேரமும் அவர்மேல் வெண்ணெய் வாசனை அடிக்கும். "கரடிக்கு மூக்குதான் எல்லாம். நீங்க குளிச்சிட்டு வந்தாலும் கடைசியிலதான் நடக்கணும்" என்று முசியே அவருக்கு முதல் நாளே இடம் ஒதுக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உப்பளம் மைதானத்தில் பயிற்சி. ஓடக் கூடாது, கரடி நம்மைவிட வேகம். மரம் ஏறக் கூடாது, அதிலும் அதுதான் கெட்டி. மேலே பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் கழுத்துக்குப் பின்னால் கோத்துக்கொள்ள வேண்டும். முதுகுப் பை முதுகிலேயே இருக்க வேண்டும். முதல் ஞாயிறு நாங்கள் நால்வரும் அப்படிப் படுத்துக் கண்ணை மூடினோம். கண்ணைத் திறந்தபோது பதினேழு பேர் படுத்திருந்தார்கள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் புது ஆசனம் என்று நினைத்துச் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். "முதுகு வலிக்கு நல்லாருக்குங்க, நாளைக்கும் உண்டா?" என்று ஓர் அம்மா கேட்டார்.

இரண்டாம் ஞாயிறு ரொட்டிக்குக் கரடி வேடம். கறுப்புக் கம்பளியைப் போர்த்துக்கொண்டு நாலு காலில் வந்தார். எங்களுக்கு முன் தெருநாய்கள் அவரைப் பார்த்துவிட்டன. ரொட்டி கம்பளியோடு எழுந்து ஓடி, கோல் கம்பத்தில் ஏறிக்கொண்டார்.

"ஓடாத! ஓடக் கூடாது! மேல ஏறக் கூடாது!" என்று முசியே கத்தினார்.

"யோவ், நான்தான்யா கரடி! நான் ஓடலாம், ஏறலாம்!" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

முசியே ஒரு நிமிடம் யோசித்தார். "வாஸ்தவந்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

இப்படியே இன்னும் பதினோரு வருடம் போயிருக்கும். மதாம் விடவில்லை. பிரான்சில் வேலை பார்க்கும் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமானது. மதாம் ஸ்டூடியோவுக்கே வந்து நின்றார். நாங்கள் மூவரும் சாட்சி.

"பொண்ணு கல்யாணப் படத்த இங்கதான் மாட்டப்போறேன். நல்ல செவுரு இது ஒண்ணுதான். மார்கழி முடியறதுக்குள்ள உங்க கரடிய கொண்டாந்து வையுங்க. இல்ல, சட்டம் எனக்கு."

"மதாம், கரடி இன்னா எடுத்தாற கத்திரிக்காயா?"

"பதினோரு வருஷமா வெள்ள அட்டைக்குத் தூசி தட்டிக்கிட்டு இருக்கேன். கண்ணே வெளுத்துப்போச்சி."

முசியே சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அப்படிச் சுருங்கி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முழங்கால் தேய்மானம் என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார். மலையேறினால் இந்த ஒருமுறைதான். அன்று குறிப்பேட்டில் நான் ஒரே வரிதான் எழுதினேன்: 'சங்கம் கோத்தகிரி புறப்படுகிறது.'

மார்கழி இரண்டாம் வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தோம். ஒரு தேயிலைத் தோட்டத்தில் அனுமதி வாங்கியிருந்தோம். தோட்டத்து வாட்ச்மேன் கூட வந்தார். கரடி தினமும் வருகிறது, நேற்றுக்கூடப் பலாமரத்தடியில் நின்றது என்று சாதாரணமாகச் சொன்னார். ஆனால் வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று, ஒரு கரடி முடிகூடத் தெரியவில்லை. காரணம் எளிது. ஒவ்வொரு வளைவிலும் மூன்று தட்டு, "அத்தான்சியோன்!", அதைத் தொடர்ந்து பாபின் அண்ணன், "கரடியாரே, நாங்க வர்றோம்! அஞ்சு பேரு! கெட்டவங்க இல்ல!" என்று தறிக்கூட முழக்கம். மலையிலிருந்த குரங்கு, காட்டெருமை, மயில் எல்லாமே பக்கத்து எஸ்டேட்டுக்குக் குடிபோய்விட்டன.

வாட்ச்மேன் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "சார், நீங்க கரடிய பாக்க வந்தீங்களா, தொரத்த வந்தீங்களா?"

வெள்ளி சாயங்காலம் நானே முசியேயிடம் வாய்விட்டுச் சொன்னேன். "நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. வாட்ச்மேனே கூட வர்றாரு. ஒரு காலை சத்தம் இல்லாம போவோமே."

"வேணாம் டைரி சார்."

"சட்டம் காலியாவே போயிடும்."

"போவட்டும். காலிச் சட்டத்துக்குப் பக்கத்துல உங்க மூணு பேர் படத்தையும் மாலை போட்டு மாட்ட எனக்குச் செவுத்துல எடம் இல்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் டீயை முழுதாகக் குடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு நாற்பது. இரண்டு நாள் கத்தியதில், பனியில், பாபின் அண்ணனின் தொண்டை முற்றாகக் கட்டிவிட்டிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. இரவு பெய்த தூறலில் பாதை சேறாகியிருந்தது. முசியே வளைவில் மூன்று தட்டுத் தட்டினார். ஸ்டாண்டின் கால் சேற்றில் புதைந்ததே தவிரச் சத்தம் எழவில்லை. "அத்தான்சியோன்" என்றபோது பக்கத்து ஓடையின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. அவர் வளைவைத் திரும்பினார். பின்னாலேயே நான், பாபின் அண்ணன், வாட்ச்மேன், கடைசியில் ரொட்டி.

பதினைந்து அடி தூரத்தில் கரடி.

புற்றுக்குள் தலையை விட்டு, சைலன்சர் கழன்ற மோட்டார் சைக்கிள் மாதிரி உறிஞ்சிக்கொண்டிருந்தது. முதுகில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. ரொட்டியின் வெண்ணெய் வாசனை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உறிஞ்சல் நின்றது. தலை மேலே வந்தது. பிறகு அது இரண்டு காலில் எழுந்து நின்றது. அந்தச் சமயம் பார்த்து மலை விளிம்பைத் தாண்டி வெயில் நேராக அதன் மார்பில் விழுந்தது. வெள்ளை வளைவு, நீள நகம், முதுகில் குட்டியின் இரண்டு காதுகள். கேமரா முசியேயின் கண்ணருகில் இருந்தது. மூடி கழற்றியிருந்தது. பதினோரு வருடத்துப் படம் முழுசாக எதிரே நின்றது. விரலை அழுத்த வேண்டியதுதான்.

அந்த நேரத்தில் எங்கள் நிலைமையைச் சொல்ல வேண்டும். பாபின் அண்ணன் வாயைத் திறந்து காற்றாகக் கத்திக்கொண்டிருந்தார். ரொட்டி திரும்பி ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். நானோ, எல்லா விதிகளையும் என் கையால் எழுதி வைத்த செயலாளர், ஒரு காலை ஓட்டத்துக்குத் தூக்கிவிட்டேன்.

எங்கள் செருப்புகள் சேற்றில் திரும்பும் சத்தம் முசியேயின் காதில் விழுந்தது.

அவர் கரடிக்கு முதுகைக் காட்டினார்.

முழுதாகத் திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு அந்தக் குரல் வந்தது, ஸ்டூடியோவில் வருவது போலவே, துளி அவசரம் இல்லாமல்: "நேரா. தோள எறக்குங்க. மோவாய கீழ. வாய மூடுங்க. சிரிக்காதீங்க. அசையாதீங்க."

தூக்கிய என் கால் கீழே வந்தது. பாபின் அண்ணனின் வாய் மூடியது. ரொட்டி மரத்தை விட்டுத் திரும்பி நேராக நின்றார். வாட்ச்மேனும் மோவாயை இறக்கினார். அவரும் எங்காவது ஓர் அட்டைக்கு முக்காலியில் உட்கார்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். எல்லோரும் அப்படி நின்றதும், முப்பது வருடப் பழக்கம், முசியேயின் விரல் தானாக அழுத்தியது. க்ளிக்.

அவர் முதுகுக்குப் பின்னால் கரடி மூக்கைத் தூக்கி மோந்தது. ஒருமுறை உறுமியது. இரண்டு அடி முன்னால் வைத்தது. யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை, துரத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. குட்டி நழுவியது. அதைச் சரியாக ஏற்றிக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்குள் இறங்கிப் போய்விட்டது.

"ஆச்சு, போலாம்" என்றார் முசியே. நாங்கள் தங்கியிருந்த தோட்டத்து பங்களா வரைக்கும் ஐந்து பேரும் பின்னோக்கியே நடந்தோம்.

வாசலில் ரொட்டிதான் முதலில் கேட்டார். "முசியே, படம்?"

அவர் கேமராவைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "நல்லா வந்துருக்கு. நாலு பேரும் நேரா இருக்கீங்க. எந்த ஆபீசுலயும் ஒத்துக்குவாங்க. டைரி சார் கண்ணாடிதான் மின்னுது."

அதில் கரடி இல்லை. நாங்கள்தான் இருந்தோம்.

"ஏங்க திரும்பினீங்க?" என்றேன்.

"ஓடியிருந்தீங்கன்னா அது யார தொரத்தியிருக்கும்? பின்தங்குற ஆளதான். ரொட்டி மேல அதுக்குப் பிடிச்ச வாசனை வேற." கேமராவுக்கு மூடியை மாட்டியபடி, "போட்டோகிராபர் ஆளுங்கள பாத்துத்தாங்க நிக்கணும்" என்றார்.

ஊர் திரும்பிய திங்கட்கிழமை மதாம் ஸ்டூடியோவில் காத்திருந்தார். முசியே படத்தை மேசைமேல் வைத்தார். மதாம் பார்த்தார்.

"எங்க கரடி?"

முசியே இன்னொரு படத்தை வைத்தார். என் மூக்குக் கண்ணாடியை மட்டும் பெரிதாக்கி அச்சிட்டிருந்தார். மின்னிய அந்தக் கண்ணாடியில், புள்ளி புள்ளியாக, இரண்டு கறுப்பு உருவங்கள். ஒன்று பெரிதாக, கேமராவோடு. அதன் பின்னால் சிறியதாக ஒன்று, இரண்டு காலில் நின்றபடி, தோளில் ஒரு புடைப்போடு.

"இது நீங்க" என்றார் மதாம், பெரிய உருவத்தின் மேல் விரல் வைத்து.

"ஆமா."

"இது?"

"அது."

மதாம் இரண்டு உருவங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பதினோரு வருடம் விதிகளைக் கேட்டவர் அவர், எங்களைவிட நன்றாகத் தெரியும்.

"முதுக காட்டிட்டு நின்னீங்களா?"

முசியே கால் கட்டைவிரலைப் பார்த்தார்.

"எனக்கு மட்டும் தெனம் பாடம். முதுக காட்டாத, முதுக காட்டாத! அடுப்பாங்கரையில கூட என்ன திரும்ப உட்டதில்ல!" என்று அவர் தோளில் ஓர் அடி வைத்தார். அப்புறம் இன்னொன்று. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, தன் கையாலேயே சட்டத்தைக் கழற்றினார். நாங்கள் கல்யாணப் படத்துக்குத்தான் என்று நினைத்தோம். மதாம் வெள்ளை அட்டையை எடுத்துவிட்டு எங்கள் நால்வரின் படத்தை உள்ளே வைத்தார், ஒரு மூலையில் அந்தக் கண்ணாடிப் படத்தையும் சேர்த்து.

"பொண்ணு படத்துக்கு வீட்டுல எடம் இருக்கு" என்றார்.

அதன்பிறகு வந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு கணம் பின்வாங்குவார்கள். முகம் வெளிறி முறைத்துக்கொண்டு நிற்கும் நாலு பேர். "போலீஸ் தேடுற ஆளுங்களா முசியே?" என்று ஒருவர் கேட்டார். "இல்ல, கரடி தேடுன ஆளுங்க" என்றார் முசியே.

போன வருடம் மகள் முசியேயையும் மதாமையும் தன்னோடு பிரான்சுக்கு அழைத்துக்கொண்டாள். ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. சட்டம் என் வீட்டில். பேருந்து நிலையத்தில் வழியனுப்பிய அன்று, மதாம் கையைப் பிடித்து இழுக்க இழுக்க, முசியே எங்கள் மூவரையும் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து பஸ் ஏறினார். பாயச வாளி ஒன்றும் வழியில் இல்லை. மகள் இருக்கும் ஊருக்குத் தெற்கே மலை உண்டாம், அந்த மலையில் கரடியும் உண்டாம். அங்கேயும் தெருமுனையில் நின்று "அத்தான்சியோன்!" என்கிறாராம். "அந்த ஊர்க்காரங்களுக்கு அது புரிஞ்சி தொலையுது டைரி. ரோட்டுல போறவன்லாம் நின்னுர்றான்" என்று மதாம் போனில் புலம்பினார்.

எனக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. உப்பளத்தில் ஒவ்வொரு தெருமுனையிலும் குடையின் நுனியால் மூன்று முறை தட்டிவிட்டுத்தான் திரும்புகிறேன். கரடிக்காக இல்லை. ஒருவேளை அந்தப் பக்கமிருந்து அவர் வந்துகொண்டிருந்தால், திடுக்கிட்டுவிடக் கூடாது.